சின்ன வெங்காயம்: தையிலா வைகாசியிலா, குமிழா விதையா?

திருகோணமலையில் வீட்டு வளவில் சின்ன வெங்காயம் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த இனம் நல்லது என்பதைத்தான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எந்த மாதம் நடப்போகிறீர்கள்? உங்கள் கிணற்று நீர் எந்த மாதம்வரை உவர்க்காமல் இருக்கும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் குமிழ் நடுவதா, விதை போடுவதா, நிலத்திலா, பையிலா என்பதெல்லாம் பெரும்பாலும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் இது காசுப்பயிர். அங்கே மோட்டரும் கூலியாட்களும் உண்டு. இங்கே சொல்வது 10 சதுர மீற்றர், அதாவது 100 சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலான நிலமும் ஒரு கிணறும் இருக்கிற வீட்டுக்கு. அந்த அளவு நிலத்தில் 4 முதல் 5 கிலோ விதைக் குமிழ், அதாவது நடுவதற்கென்று வைத்த வெங்காயம் நட்டு, நன்றாகப் பார்த்தால் 15 முதல் 20 கிலோ எடுக்கலாம்.

மூன்று நடவுக் காலங்கள்

நமக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசியில் பிடித்தால் மார்கழி முடியும்வரை கொட்டும். கார்த்திகையும் மார்கழியும் உச்சம். மாசியில் வானம் வெளித்துவிடும். சித்திரையில் இடைக்கிடை இடிமழை. பிறகு ஆவணிவரை காய்ச்சலும் கச்சான் காற்றும்தான். குமிழ் நட்ட நாளிலிருந்து சின்ன வெங்காயத்துக்கு 65 முதல் 75 நாட்கள் வேண்டும். அந்தப் பத்துக் கிழமைகளில் முதல் ஏழில் அளவான ஈரமும் கடைசி மூன்றில் காய்ந்த வானமும் கிடைத்தால் போதும். நடவு நாளைத் தெரிவதென்பது இந்தப் பத்துக் கிழமையை நாட்காட்டியில் எங்கே பொருத்துவது என்பதுதான்.

ஐப்பசியில் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று தோன்றும். முளைப்பும் அழகாகவே இருக்கும். நாலாவது கிழமையில் தாள் ஓரடிக்கு நிற்கும். தொல்லை அதற்குப் பிறகு. மழைத்துளி மண்ணில் அடித்துத் தெறிக்கும்போது முறுக்கு நோய்க்கான பூஞ்சணம் செடிக்குச் செடி தாவும். தாள் திருகும், கழுத்து வழக்கத்துக்கு மேல் நீளும், கீழே குமிழ் பருக்காது. தப்பிப் பிழைத்த செடிகள் முற்றும்போது மார்கழி. பிடுங்கியதை உலர்த்த வெயில் கிடையாது; கழுத்தில் ஈரம் நின்று பத்து நாளில் அழுகல் மணம் வரும். எனவே ஐப்பசி நடவைத் தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் கூரைத் தண்ணீர் விழாத இடத்தில் நாலைந்து பைகளில் நெருக்கமாக நட்டு, 35 முதல் 40 நாளில் அடியிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால், இன்னொரு முறையும் தளிர்க்கும். முட்டை பொரியலுக்கும் வறைக்கும் அது போதும்.

தை நடவு எல்லாவகையிலும் இலகுவானது. மண்ணுக்குள் ஈரம் நிற்கும், கிணறு நிறைந்திருக்கும், அந்த ஆண்டிலேயே நீர் மிகவும் நல்லதாக இருப்பதும் அப்போதுதான். பகல் வெப்பம் 28 பாகை அளவில். ஆனால் பொங்கலுக்கு முன் அவசரப்பட்டு நடக்கூடாது. சில ஆண்டுகளில் மழை தை நடுப்பகுதிவரை இழுபடும். பாத்திக்கு இடையிலுள்ள வாய்க்காலில் முந்தைய நாள் மழைநீர் நிற்கிறதா என்று பாருங்கள்; நின்றால் இன்னும் ஒரு கிழமை பொறுக்கலாம். தை 10 அளவில் நட்டால் பங்குனி நடுவில் பிடுங்கலாம். வானம் காய்ந்திருக்கும், சித்திரை இடிமழை தொடங்கியிருக்காது. இந்த நடவின் குறை, இரவுப் பனி. விடியலில் தாளில் நிற்கும் பனிநீர் ஊதாப்புள்ளி நோய்க்கு வசதி.

வைகாசி நடவுக்கு வேறு கணக்கு. பூஞ்சண நோய் மிகக் குறைவு. அறுவடை ஆடியில் விழுவதால் கச்சான் காற்றிலும் வெயிலிலும் மூன்று நாளில் கழுத்து காய்ந்துவிடும். சேமிப்புக்கு இதைவிட நல்ல வெங்காயம் கிடையாது. விலை கொடுக்க வேண்டியது தண்ணீரில். ஆனி, ஆடியில் பகல் 34, 35 பாகை. ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 லீற்றர் ஆவியாகும், அதாவது 10 சதுர மீற்றருக்கு ஆறு வாளி. அதை 55, 60 நாட்கள் தவறாமல் ஊற்ற ஆள் வேண்டும். இரண்டு நாள் வெளியூர் போய் வந்தால் மணல் பாத்தியில் தாள் நுனி வெளுத்திருக்கும். வெயில் காலத்தில் த்ரிப்ஸ் என்ற பனிப்பூச்சியும் கூட வரும்.

முதன்முறை நடுபவருக்கு தை. கிணறு கோடையிலும் இனிக்கிறவர்கள், தினமும் வீட்டில் இருப்பவர்கள் வைகாசியையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தால் விதைக் குமிழ் வாங்கும் செலவும் குறையும். பிடுங்கிய வெங்காயம் 45 முதல் 60 நாட்கள் உறங்கும். அதற்குள் நட்டால் ஒன்று முளைக்கும், மூன்று பேசாமல் கிடக்கும். பங்குனி நடுவில் எடுத்தது வைகாசிக்கு உறக்கம் முடித்து நிற்கும். ஆடி இறுதியில் எடுத்தது தைவரை ஐந்தரை மாதம் தொங்க வேண்டும், நடுவில் மாரி மழை வேறு. அந்தப் பக்கத்துச் சேமிப்பில் நிறையில் கால்வாசியாவது போய்விடும் என்று கணக்கில் வைத்து, தேவைக்கு மேலாகவே ஒதுக்குங்கள்.

கடை வெங்காயம், விதைக் குமிழ், கறுப்பு விதை

நடுபொருளுக்கு மூன்று வழி உண்டு. பலர் தொடங்குவது முதலாவதில்: சமையலுக்கு வாங்கியதில் முளைவிட்டதை நடுவது. செலவில்லாத வழிதான், ஆனால் கடைக் குவியலில் பல இனம் கலந்திருக்கும். உள்ளூர் வெங்காயமும் இந்தியாவிலிருந்து வந்ததும் ஒரே பெட்டியில் கிடக்கும். ஒரு பாத்தியில் ஒரு பகுதி 60 நாளில் சாயும், மற்றது 80 நாளுக்கும் பச்சையாக நிற்கும். எப்போது தண்ணீரை நிறுத்துவது என்றே தெரியாது. போதாததற்கு, அடித்தட்டு அழுகலுக்கான பூஞ்சணம் குமிழோடு வந்து உங்கள் மண்ணில் குடியேறினால் அடுத்த போகங்களிலும் விடாது. தாளுக்காகப் பையில் நடுவதற்கு மட்டும் கடை வெங்காயம் சரி.

இரண்டாவது, தோட்டக்காரரிடம் விதைக்கென்றே கேட்டு வாங்கும் குமிழ். கடைவிலையைவிடக் கூடத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரே இனம், எடுத்த திகதி தெரியும், தாளோடு கட்டிய பிடியாகவே கிடைக்கும். வடக்கில் செய்கையிலுள்ள வேதாளன் போன்ற இனமோ, அந்தந்தத் தோட்டத்தில் கைமாறி வந்த உள்ளூர் வகையோ, எதுவானாலும் எங்கள் காலநிலைக்குப் பழகியதாக இருந்தால் போதும். இனத்தின் பெயரில் அதிகம் மினக்கெட வேண்டியதில்லை. வாங்குமுன் ஒரு குமிழை எடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் இளம்பச்சைக் குருத்து தெரியும். அது குமிழின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறியிருந்தால் உறக்கம் கலைந்துவிட்டது, உடனே நடலாம். அடியில் வெள்ளைப் பொட்டாக மட்டும் இருந்தால் இன்னும் சில கிழமை தொங்கவிட வேண்டும். வேர்த்தட்டு இருக்கும் அடிப்பக்கத்தையும் பெருவிரலால் அழுத்துங்கள். கல்லுப்போல் இருக்க வேண்டும். அமுங்கினாலோ, வெட்டிய முகத்தில் அடியிலிருந்து பழுப்பு நிறம் ஏறியிருந்தாலோ அந்தப் பிடியையே வாங்காதீர்கள்.

குமிழின் அளவு 3 முதல் 5 கிராம். கிலோவுக்கு 200 முதல் 300 ஏறும். பெரிதாக இருந்தால் நல்லதென்று 10 கிராம் குமிழ் வாங்குவதில் இரட்டை நட்டம்: எடைக்குக் காசு கூட, பூத்தண்டு விடும் செடியும் கூட. 2 கிராமுக்குக் கீழே போனால் செடி மெலிந்து பிரிவு குறையும்.

மூன்றாவது, கறுப்பு விதை. நம்மில் பலர் பெரிய வெங்காயத்துக்குத்தான் விதை உண்டென்று நினைக்கிறார்கள். சின்ன வெங்காயத்துக்கும் உண்டு. ஒரு கிராமில் 250 முதல் 300 விதை. 10 சதுர மீற்றருக்கு 6 முதல் 8 கிராம் போதும். நாலைந்து கிலோ குமிழைச் சுமந்து வருவதோடு ஒப்பிட்டால் சட்டைப்பையில் அடங்கிவிடும். குமிழ் வழியாகப் பரவும் நோய்கள் பெரும்பாலும் வராது. ஒவ்வொரு செடியும் ஒன்று முதல் மூன்று குமிழ்தான் தரும், ஆனால் அவை பருமனாக இருக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். விதை நாற்றுமேடையில் 40 நாள், பிடுங்கி நட்டபின் 80 முதல் 90 நாள். தை 10 இல் நாற்று நட வேண்டுமானால் மார்கழி பிறக்குமுன் விதைத்திருக்க வேண்டும். அதாவது மாரியின் உச்சத்தில். நூல் கனத்தில் முளைக்கும் நாற்றை அந்த மழை மண்ணோடு படுக்கவைத்துவிடும். மிஞ்சியதை நாற்றழுகல் கொண்டுபோகும். மழை ஓயட்டும் என்று தையில் விதைத்தாலோ, நாற்று நடுவது மாசிக் கடைசியில், பிடுங்குவது வைகாசியில். சித்திரை வெயிலில் குமிழ் கட்டும், இடிமழையில் நனையும், தண்ணீர் இரட்டிப்பு.

ஆகவே விதை போடுகிறவருக்குக் கட்டாயம் வேண்டியது மேலே மறைப்புள்ள நாற்றுமேடை. ஒரு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் நீளம், தரையிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரம். வளைத்த பீ.வீ.சீ. குழாயோ கமுகஞ் சிலாகையோ நட்டு அதன்மேல் தெளிவான பொலித்தீன் போடுங்கள். பக்கங்கள் திறந்திருக்கட்டும், மூடினால் உள்ளே புழுங்கி அழுகல் இன்னும் வேகமாகும். 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் கோடு கீறி ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்து, வைக்கோல் பரப்பி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். 7 முதல் 10 நாளில் முளை தெரிந்ததும் அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிடுங்கள். நாற்று ஒரு சாண் உயரமும் மூன்று நாலு தாளும் வந்தால் நடும் பருவம்.

விதை வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. பெரிய வெங்காய விதையும் சின்ன வெங்காய விதையும் பார்வைக்கு ஒன்றுதான், அதே கறுப்பு, அதே முக்கோணம்; முத்திரையிட்ட பொதியில் எழுதியிருப்பதைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. அடுத்தது, வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, அதிலும் எங்கள் புழுக்கத்தில். 50 விதையை ஈரத்துணியில் சுற்றிப் பத்து நாள் வையுங்கள். 35 க்குக் கீழே முளைத்தால் அந்தப் பொதியை நம்பி மேடை போடாதீர்கள். சொந்தமாக விதை எடுக்கும் யோசனையும் வேண்டாம்: வெங்காயம் ஒழுங்காகப் பூத்து விதை கட்ட நீண்ட குளிர் தேவை, கடற்கரையில் அது கிடைப்பதில்லை.

வீட்டுத்தோட்டத்துக்குத் தீர்ப்பு விதைக் குமிழின் பக்கம்தான். கறுப்பு விதைக்கு ஓரிடம் உண்டு: உங்கள் குமிழில் அழுகலும் முறுக்கும் ஆண்டுக்காண்டு கூடிவந்தால், எல்லாவற்றையும் சமையலுக்கு அனுப்பிவிட்டு, ஒருமுறை விதையிலிருந்து புதிய குமிழ் எடுத்து அதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

நிலம் எப்படிப்பட்டது

உப்புவெளி, சல்லி, நிலாவெளிக் கரையோர வளவுகள் மணல். வெங்காயத்தின் வேர் மேல் 20 சென்ரிமீற்றருக்குள்ளேயே ஓடுவதால் மணல் அதற்கு ஒத்துவரும், பிடுங்குவதும் சுகம். ஆனால் ஊற்றிய தண்ணீரும் போட்ட பசளையும் நிற்காது. சதுர மீற்றருக்கு 4 கிலோவாவது மக்கிய ஆட்டெரு அல்லது கூட்டெரு கலந்தால்தான் சரிவரும். யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை போட வேண்டும். சிப்பித்தூள் கலந்த மணலுக்குச் சாம்பல் போடாதீர்கள். அது ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. மீன் கழிவையும் கருவாட்டுத் தூளையும் வெங்காயப் பாத்திக்குக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. தென்னைக்கு அது தாங்கும், இதற்கு அந்த உப்பு தாங்காது.

கன்னியாப் பக்கமும் கந்தளாய்ப் பக்கமும் உள்ள செம்மண் பசளையைப் பிடித்து வைக்கும், மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை நீர் போதும். காய்ந்தால் இறுகிவிடும் என்பதுதான் அதன் குணம். குமிழ் பருக்கும் பருவத்தில் மண் இறுகினால் வெங்காயம் நசுங்கி நீளவாக்கில் போகும். உமியோ தும்புத்தூளோ கலந்து இளக்குங்கள். தம்பலகாமம், கிண்ணியா வயலோரத் தாழ்நிலத்தில் களிமண் என்றால் பாத்தியை 30 சென்ரிமீற்றருக்கு உயர்த்தியே ஆக வேண்டும். மணலில் 10 சென்ரிமீற்றர் போதும்.

நிலமே இல்லாதவர்களுக்குப் பை. அதற்கு அதிக விளக்கம் தேவையில்லை: 25 சென்ரிமீற்றர் ஆழம், அடியில் துளை, மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் சமபங்கு. 50 கிலோ உரப்பையைப் பாதியாக மடித்து வைத்தால் 10 முதல் 12 குமிழ் நடலாம். அரைக் கிலோ வெங்காயம்கூட வராது. தாளுக்கென்றால் பை, குமிழுக்கென்றால் நிலம்.

உவர்நீர்

நம் ஊரில் வெங்காயத்தைக் கெடுப்பதில் பூச்சிக்கு முன்னே நிற்பது இதுதான். மரக்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் வெங்காயமும் ஒன்று. மண் கரைசலின் மின்கடத்துதிறன் (கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் அளவு) மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 16 வீதம் போகும். பாசனநீர் 0.8 க்குள் இருந்தால் பயமில்லை. விவசாயத் திணைக்களத்தின் போதனாசிரியரிடம் கேட்டால் நீரை எங்கே சோதிப்பது என்று சொல்வார். கருவி இல்லாமலும் ஓரளவு பிடிக்கலாம்: சவர்க்காரம் நுரைக்க மறுப்பது, பாத்தியின் மேல் காலையில் வெள்ளைப் பூப்புத் தெரிவது, எல்லாச் செடியிலும் ஒரேமாதிரித் தாள் நுனி காய்வது. நோயென்றால் இங்கொன்று அங்கொன்றாகத் தொடங்கும். உப்பு பாத்தி முழுவதையும் ஒருசேரப் பிடிக்கும்.

கரையோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டரை நீண்ட நேரம் போட்டு இறைத்தால் கீழுள்ளது மேலே ஏறும். விடியற்காலையில், மேல்நீரை, வாளியால் அல்லது கொஞ்ச நேர இறைப்பால் எடுத்துத் தொட்டியில் நிரப்பி வைப்பது பலன் தரும். ஆடியில் உங்கள் கிணறு கரிக்கும் என்று தெரிந்திருந்தால் வைகாசி நடவு உங்களுக்கானதல்ல. குழாய்த் தண்ணீரை ஆறு வாளி வீதம் இரண்டு மாதம் ஊற்றிக் கட்டணமும் கட்டி வெங்காயம் எடுப்பதில் அர்த்தமில்லை.

நடவும் பராமரிப்பும்

பாத்தி ஒரு மீற்றர் அகலம், நடுவில் ஓரடி வாய்க்கால். 10 சதுர மீற்றருக்கு 30 முதல் 40 கிலோ மக்கிய எருவும், இரசாயனப் பசளை பாவிப்பவரானால் 100 கிராம் டி.எஸ்.பி.யும் (பொசுபரசுப் பசளை) நடவுக்கு ஒரு கிழமை முன் கொத்திக் கலக்குங்கள். மக்காத எரு போட்டால் அடியழுகல் நிச்சயம்.

குமிழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, காய்ந்த வேரையும் உதிர்தோலையும் உரசிவிடுங்கள். நுனியில் கால் பங்கை வெட்டிவிட்டால் எல்லாம் ஒரே கிழமையில் முளைக்கும். வெட்டிய குமிழை ஒரு நாள் நிழலில் காயவிட்டு நட வேண்டும், ஈர வெட்டோடு நட்டால் அழுகும். 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் இடைவெளி. வேர்த்தட்டு கீழே, வெட்டிய தலை மண்மட்டத்தில் தெரிய, அழுத்தித் திணிக்காமல் வையுங்கள். இறுகிய மண்ணில் திணித்தால் வேர் விடும்போது குமிழ் தானாகவே மேலே கிளம்பி நிற்கும். ஆழமாகப் புதைத்தால் குமிழ் சிறுத்துக் கழுத்து தடிக்கும்.

மணலில் முதல் பத்து நாள் காலையும், மாலை நாலு மணிக்கு முன்னும் என இருவேளை நீர். முளைத்தபின் ஒருவேளை, வைகாசியில் மட்டும் இருவேளை தொடரும். இருட்டியபின் தாளை நனைக்க வேண்டாம். மூன்றாவது கிழமையிலும் ஐந்தாவது கிழமையிலும் கையால் களை எடுங்கள், மண்வெட்டி போட்டால் மேலோடும் வேர் அறும். அதே இரண்டு தடவையும் 10 சதுர மீற்றருக்கு 50 கிராம் யூரியா, இரண்டாவது தடவையில் 50 கிராம் எம்.ஓ.பி.யும் (பொட்டாசியப் பசளை). மணலில் இதையே நாலு கூறாக்கலாம். 45 நாளுக்குப் பிறகு யூரியா போடக்கூடாது. தாள் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் கழுத்து மூடாது. அந்த வெங்காயம் ஒரு மாதம்கூடத் தாங்காது. குமிழ் பருக்கத் தொடங்கியதும் மேலே மண் அணைப்பதும் இதே பிழைதான். வெங்காயம் பாதி வெளியே தெரிய நிற்பதே சரி.

பூத்தண்டு வந்தால் மொட்டு விரியுமுன் அடியோடு கிள்ளி வறைக்கு எடுங்கள். நகருக்குள் திரியும் மான்கள் வெங்காயத்தைப் பெரிதாக விரும்பாவிட்டாலும் ஈரப்பாத்தியை உழக்கிவிட்டுப் போகும். கோழி இன்னும் மோசம், புதிதாக நட்ட குமிழைக் கிளறி வெளியே போட்டுவிடும். முதல் இரண்டு கிழமைக்குத் தென்னோலை மறைப்போ வலையோ வேண்டும்.

எது எப்போது வரும்

தை நடவில் கவனிக்க வேண்டியது ஊதாப்புள்ளி. தாளில் முதலில் வெள்ளைப் பொட்டாகக் குழிந்து, பிறகு நடு ஊதாவாகி மஞ்சள் வளையம் கட்டும். அந்த இடத்தில் தாள் ஒடிந்து தொங்கும். நெருக்கமாக நட்ட பாத்தியில் வேகமாகப் பரவும். காலை நீரால் பனியைக் கழுவிவிடுவது, ஒடிந்த தாளைப் பொறுக்கி எரிப்பது, கூடினால் மேன்கோசெப் போன்ற பூஞ்சணக்கொல்லியைப் பொதியில் சொன்ன அளவுக்குத் தெளிப்பது. தாள் மெழுகுப்பூச்சு உள்ளதால் கரைசல் வழிந்தோடும். ஒட்டுதிரவமோ சிறிது சவர்க்காரக் கரைசலோ சேர்க்காமல் தெளிப்பது வீண்.

வைகாசியில் பனிப்பூச்சி. தாளில் வெள்ளிக் கீறல் தெரிந்தால் நடுக் குருத்துத் தாள்கள் இரண்டை விரலால் விரித்து அந்த இடுக்கைப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இளமஞ்சள் துரும்புகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். வெளியே தெளித்த மருந்து அந்த இடுக்குக்குப் போகாததால்தான் பலர் எதை அடித்தும் போகவில்லை என்கிறார்கள். லீற்றருக்கு 50 கிராம் இடித்த வேப்பங்கொட்டையை இரவு ஊறவைத்து வடித்து, சவர்க்காரம் சேர்த்து, மாலையில் குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்க வேண்டும். கிழமைக்கு ஒன்றாக மூன்று தடவை.

எந்தக் காலத்திலும் வரக்கூடியது தாள்ப்புழு. தாளுக்குள் புகுந்து உள்ளிருந்து சுரண்டும். வெளியே கண்ணாடிபோல் வெளிறிய கீற்றுத் தெரியும். புழு உள்ளே போனபின் மருந்து படாது. 10 சதுர மீற்றரில் மாலை ஒரு சுற்று வந்து அந்தத் தாளை நசுக்கிவிடுவதே போதும். செடி திடீரென மஞ்சளாகி இழுத்தவுடன் கையோடு வந்தால் அடியைப் பாருங்கள்: கடுகுபோன்ற உருண்டைகள் மண்ணோடு ஒட்டியிருந்தால் அது வெண்பூஞ்சண அழுகல். அந்த மண்ணையும் சேர்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள், எருக்கும்பியில் போடாதீர்கள்.

பிடுங்குவது, உலர்த்துவது, தொங்கவிடுவது

பாத்தியில் பாதிக்கு மேற்பட்ட செடிகளின் தாள் கழுத்தில் தளர்ந்து சாய்ந்தால் முற்றிவிட்டது. நாளை எண்ணி மட்டும் பிடுங்காதீர்கள். உடனே சமைக்கிறவர் 55 நாளிலிருந்தே எடுக்கலாம், சுவையில் குறைவில்லை. வைத்துப் பாவிப்பவரும் விதைக்கு ஒதுக்குபவரும் சாயும்வரை பொறுக்க வேண்டும். முதல் சாய்வு தெரிந்ததும் தண்ணீரை நிறுத்தி, ஒரு கிழமை முதல் பத்து நாள் காயவிடுங்கள். மணலில் கையால் இழுத்தால் வரும். செம்மண்ணில் முந்தின நாள் இலேசாக நனைத்து, கொத்துமுள்ளால் பக்கத்தில் நெம்பி எடுக்க வேண்டும். இழுவையில் கழுத்து அறுந்த வெங்காயத்தை அன்றே சமையலுக்கு ஒதுக்குங்கள்.

பிடுங்கியதைப் பாத்தியிலேயே சாய்வாக அடுக்குங்கள்: ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடும்படி. நேர்வெயில் பட்ட குமிழ் ஒரு பக்கம் அவிந்து மென்மையாகும். மூன்று முதல் ஐந்து நாளில் கழுத்து சுருங்கிக் காகிதமாகிவிடும். இரு விரலால் உருட்டினால் வழுக்காமல் சரசரக்க வேண்டும். கழுவக்கூடாது, மண்ணை உதறினால் போதும். பிறகு இருபது முப்பது செடியாகத் தாளோடு சேர்த்துப் பிடி கட்டி, கூரைக்குக் கீழே காற்றோடும் இடத்தில் கம்பியில் தொங்கவிடுங்கள். அடுப்புப் புகை எட்டுகிற இடமானால் மாரியில் இன்னும் நல்லது. தாளை வெட்டிச் சாக்கில் கட்டி வைப்பவர்களுக்கும் இப்படித் தொங்கவிடுபவர்களுக்கும் வித்தியாசம் கார்த்திகையில் தெரியும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கழுத்தில் மூன்று சென்ரிமீற்றர் விட்டு, வலைப்பையில் போடுங்கள்.

விதைக்கானதைப் பிடுங்கும் அன்றே பிரித்துவிட வேண்டும். நாலுக்கு மேல் பிரிந்து, குமிழெல்லாம் ஒரே அளவாக, பூத்தண்டு விடாத, தாள் முறுகாத செடியிலிருந்து எடுங்கள். மிகப்பெரியதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு நடுத்தரத்தை விதைக்கு விடலாம்; மிச்சம் மீதியை விதைக்கு ஒதுக்குகிற பழக்கம்தான் மூன்று நாலு போகத்தில் வெங்காயத்தைச் சிறுக்கவைக்கிறது. மாரிக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை பிடிகளைக் கையால் அமுக்கிப் பார்த்து, ஒன்று அமுங்கினாலும் அந்தப் பிடியை அவிழ்த்துப் பொறுக்குங்கள்.

வெங்காயம் எடுத்த பாத்தியில் அடுத்த இரண்டு மூன்று போகத்துக்கு வெங்காயம், உள்ளி எதுவும் வேண்டாம். பயறு போடலாம், கீரை போடலாம். வெண்பூஞ்சண அழுகல் கண்ட இடமென்றால் கச்சான் கடலையும் தக்காளியும் மிளகாயும்கூடத் தவிர்க்க வேண்டும், அந்தப் பூஞ்சணம் அவற்றையும் பிடிக்கும். சோளம் போடுங்கள்.